பழைய நேரம், புது நேரம், கொல்கத்தா நேரம்

1996 மே 24, வெள்ளிக்கிழமை இரவு. பன்னிரண்டு அடித்ததும் இலங்கையில் நேரம் ஒரு மணி ஆகிவிட்டது. இடையில் இருந்திருக்க வேண்டிய மணித்தியாலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வரி போட்டு எடுக்காமல் அதுவரை விட்டுவைத்திருந்த பொருள் அது ஒன்றுதான். மழை பொய்த்து, மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் அடி தெரிய வற்றி, மின்சாரத்துக்குத் தண்ணீரையே நம்பியிருந்த நாடு இருட்டில் உட்கார்ந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்தான் லாகூரில் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய நாடு. மின்சாரத்தை உண்டாக்க வழியில்லை, வெளிச்சத்தையாவது உண்டாக்குவோம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினால், ஆறரைக்கு முன் மறைகிற சூரியன் ஏழரையை நெருங்கி மறையும். சனங்கள் வழமைபோலப் பத்து மணிக்குப் படுத்துவிடுவார்கள். விளக்கு எரிவதில் ஒரு மணித்தியாலம் மிச்சம்! காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருந்தது. விடியற்காலை இருட்டில் எழும்புகிற சனம் அதே விளக்கை அப்போது போடும் என்பது மட்டும் அந்தக் காகிதத்தில் இல்லை.

புத்தளம் கரையில் இந்த அறிவிப்பை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தாலே சிரிப்பு வருகிறது. சிலாபத்திலிருந்து உடப்பு வழியாகக் கற்பிட்டி முனை வரைக்கும் பாதிச் சனம் கடலைப் பார்த்து நேரம் சொல்கிறவர்கள். கரைவலை இழுக்கிற உடப்பு ஆட்கள் விடிவெள்ளியைப் பார்த்து எழும்புவார்கள். சம்மாட்டி வந்து அதட்டினாலும் வெள்ளி முளைக்காமல் வள்ளம் இறங்காது. சோளகம் எழும்பினால் கடல் தானாக மூடிக்கொள்ளும். உப்பளத்தில் உப்பு விளைவதற்கு வர்த்தமானி தேவையில்லை. பள்ளிவாசல்களில் தொழுகை சூரியனோடு நடப்பது. சூரியன் மறைந்தால் மஃரிப். ஆனால் சுவரில் தொங்கிய தொழுகை நேர அட்டவணை மணிக்கூட்டுக் கணக்கில் அச்சிட்டது. ஒரே இரவில் ஆண்டு முழுவதுக்குமான அட்டவணை பிழையாகிப்போனது. அதாவது, சூரியனும் சரி, தொழுகையும் சரி, அட்டவணைதான் பிழை.

பிறகு தொடங்கியது அந்தக் கேள்வி. தேநீர்க் கடையில், பஸ் தரிப்பிடத்தில், கல்யாண அழைப்பிதழ் கொடுக்கிற வாசலில்:

"நானா, எத்தன மணிக்கு?"

"ஒன்பதரைக்கு."

"பழைய நேரமா, புது நேரமா?"

"எந்த நேரமெண்டாலும் சோறு பன்னிரண்டுக்குத்தான்."

இந்தப் 'பழைய நேரம், புது நேரம்' கூத்து நடந்துகொண்டிருந்தபோது, பூமியின் மறுபக்கத்தில், கலிபோர்னியாவில், ஒரு மனிதர் ஒரு கோப்பைத் திறந்து அதில் ஒரு வரியைச் சேர்க்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். நம்மூர் அமைச்சர்களின் திருவிளையாடல்களை வரி பிசகாமல் பதிந்து வைத்திருப்பது கொழும்பு சுவடிகள் திணைக்களம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த வேலையைச் செய்வது லினக்ஸ் பெட்டிக்குள் இருக்கிற ஒரு சிறிய எழுத்துக் கோப்பு.

இயங்குதளத்தின் மூலநிரலைப் பராமரிப்பது என்றதும் நமக்கு ஒரு படம் தோன்றும். இருட்டறை, கறுப்புத் திரை, பச்சை எழுத்து, தாடி வைத்த மேதை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கேர்னலில் அப்படிப்பட்ட வேலையும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேர்னலுக்கு நேரம் என்றால் ஒன்றுதான்: 1970 ஜனவரி 1, கிரீனிச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஓடியிருக்கிறது. அவ்வளவே. கேர்னலுக்கு வறட்சி தெரியாது, அமைச்சரவை தெரியாது, நோன்பு தெரியாது. அது பாட்டுக்கு விநாடியை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு துறவி. அந்த எண்ணை வாங்கி, 'கொழும்பில் இப்போது காலை ஏழு பத்து' என்று மனிதர் பேச்சில் மாற்றிச் சொல்ல ஓர் அட்டவணை வேண்டும். எந்த ஊரில், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, கிரீனிச்சுக்கு எவ்வளவு முன்னே பின்னே என்கிற அட்டவணை. அதற்குப் பெயர் நேரவலயத் தரவுத்தளம். சுருக்கமாக 'டிஇசட்'.

இதைத் தொடங்கியவர் ஆர்தர் டேவிட் ஓல்சன். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் வேலை பார்த்தவர், 1980களின் நடுவில் இதில் கைவைத்தார். புற்றுநோய் ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் உட்கார்ந்து உலகத்து மணிக்கூடுகளின் நோயைக் கவனித்தார் என்று சொல்லலாம். கூடச் சேர்ந்தவர் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பால் எக்கர்ட். பிற்பாடு முழுப் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. நாட்டின் பெயரில் வலயம் வைக்காமல் கண்டம், ஊர் என்று பெயர் வைக்கிற வழக்கம் அவர் கொண்டுவந்தது. ஆசியா/கொழும்பு, ஆசியா/கல்கத்தா, ஐரோப்பா/லண்டன் என்று. நாடுகள் உடையும், பெயர் மாற்றும், சண்டை பிடிக்கும். ஊர் இருந்த இடத்தில் கிடக்கும் என்பது கணக்கு. (கல்கத்தாக்காரர்கள் அவருக்குப் பாடம் கற்பித்தார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.)

லினக்ஸ், பிஎஸ்டி குடும்பம், உங்கள் சட்டைப்பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாம் இந்தக் கோப்பைத்தான் பார்க்கின்றன. ஊழியர் படை கிடையாது. உலகத்தின் எந்த மூலையிலோ ஒரு மந்திரி நேரத்தை மாற்றினால், அந்த நாட்டுப் பத்திரிகையைப் படித்த யாரோ ஒருவர் எழுதிப்போடுவார். பொறுப்பாளர் சரிபார்த்து வரியைச் சேர்ப்பார். புதிய பதிப்பு வெளிவரும். விநியோகக்காரர்கள் அதை வாங்கி, தங்கள் பொதியில் அடைத்து, கோடிக்கணக்கான கருவிகளுக்கு அனுப்புவார்கள். தரவை விடக் கோப்பில் குறிப்புகள்தான் அதிகம். யார் சொன்னது, எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி, அந்தப் பக்கம் இப்போது இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் வம்சாவளி எழுதிவைத்திருக்கிறார்கள். நம்மூர்க் காணி உறுதிகளிலாவது இடையில் ஒரு தலைமுறை விட்டுப்போகும். இதில் போகாது.

கொழும்புக்கு அந்தக் கோப்பில் ஒன்பது வரி. கடைசி வரியைத் தவிர ஒவ்வொன்றுக்கும் ஒரு காலாவதித் திகதி. ஒன்பதையும் வரிசையாகப் படித்தால், நூற்றைம்பது ஆண்டு ஆட்சி வரலாறு கிடைக்கும், அதுவும் அரசர் பெயர் இல்லாமல்.

முதல் வரிக்கு முந்திய காலத்தை நானாகச் சேர்த்துக்கொள்கிறேன். 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து மஅபர் போகப் புறப்பட்டு, காற்று தள்ளிக்கொண்டு வந்து நம்ம புத்தளத்தில் இறக்கியது. 'பத்தாலா' என்று எழுதிவைத்தார். ஆரியச் சக்கரவர்த்தி முத்தும் உபசாரமுமாக வரவேற்று, பாவாத மலைக்கு ஆள் கொடுத்து அனுப்பினார். பதூதாவுக்கு நேரவலயச் சிக்கல் ஒன்றும் வரவில்லை. சூரியன் எங்கே நிற்கிறதோ அங்கே நேரம். உலகம் சுற்றியவர்களில் அவ்வளவு தூரம் போயும் மணிக்கூட்டைத் திருத்தாமல் இருந்த பாக்கியசாலி.

1880 வரை கொழும்பு தன் சூரியனைத் தானே பார்த்துக்கொண்டது: கிரீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 24 விநாடி முன்னே. அடுத்த வரி 5 மணி 19 நிமிடம் 32 விநாடி. அதற்குக் கோப்பில் உள்ள பெயர் மொறட்டுவை இடைநேரம். ஆம், மொறட்டுவை. கட்டிலும் அலுமாரியும் செய்கிற ஊர் தீவு முழுவதுக்கும் நேரமும் செய்துகொடுத்திருக்கிறது. எட்டு விநாடி வித்தியாசத்துக்கு ஒரு தனி வரி! புத்தளத்துச் சூரியன் மொறட்டுவைச் சூரியனுக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி பிந்தித்தான் உச்சிக்கு வரும். ரயிலே 1926இல்தான் எட்டிப்பார்த்த ஊரில் அந்த விநாடியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்திருப்பார்கள்? 1906இல் அந்தக் கூத்து முடிந்து, இந்தியாவோடு சேர்த்து ஐந்தரை மணி என்று வெட்டிவிட்டார்கள். அன்று தொட்டு நமக்கு உச்சி வெயில் பன்னிரண்டுக்கு வருவதில்லை, சராசரியாகப் பத்து நிமிடம் பிந்தித்தான். வெள்ளைக்காரன் சூரியனைக் கூடக் காக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பிறகு யுத்தம். 1942 ஜனவரி 5இல் அரை மணித்தியாலம் முன்னே, அதே ஆண்டு செப்டெம்பரில் இன்னொரு அரை. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, யப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டதும் இந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான். புத்தளத்தில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு விமானத் தளம் போட்டது. பெயர் எச்.எம்.எஸ். ராஜாளிய, கரையில் நிற்கிற விமானத் தளத்துக்குக் கப்பல் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். மழைக்குச் சேறாகிப்போகிற அந்தத் தளத்தில் சிக்கிய போர் விமானங்களை இழுக்க யானையைக் கட்டினார்கள். பேரரசின் புத்தம்புது இயந்திரம், அதை இழுக்க வில்பத்துப் பக்கத்துத் தொழில்நுட்பம், மேலே ஒரு மணித்தியாலம் பொய் சொல்கிற மணிக்கூடு. யானை மட்டும் நேரத்துக்குத் தீனி கேட்டிருக்கும். 1945 ஒக்டோபர் 16, அதிகாலை இரண்டு மணிக்கு எல்லாம் பழையபடி ஐந்தரை. அதன்பின் ஐம்பது ஆண்டு ஒருவரும் தொடவில்லை. பண்டாரநாயக்கா தொடவில்லை, சிறிமாவோ தொடவில்லை, எதையும் விட்டுவைக்காத ஜே.ஆர். கூடத் தொடவில்லை.

ஆகவே 1996இல் தொட்டவர்கள் வரலாற்றைத் தொட்டார்கள்.

ஐந்து மாதம் போனது. ஒக்டோபரில் சூரியன் பழைய கணக்கில் ஆறு மணிக்கு உதிக்கும். புதுக் கணக்கில் ஏழுக்கு. ஏழரைக்குப் பாடசாலை. பிள்ளைகள் கும்மிருட்டில் டோர்ச் அடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றன. பெற்றோர் சத்தம் போட்டார்கள். அரசாங்கம் யோசித்தது. பிழை என்று ஒத்துக்கொண்டு ஒரு மணித்தியாலத்தையும் திருப்பிக் கொடுப்பது கௌரவக் குறைச்சல். கொடுக்காமலே இருந்தால் தேர்தல் குறைச்சல். பாதியைக் கொடுத்தார்கள். ஒக்டோபர் 24ஆம் திகதி ஊடக அமைச்சர் தர்மசிறி சேனநாயக்க அறிவித்தார்: 26ஆம் திகதி அதிகாலை 12.30 தொடங்கி, இலங்கை கிரீனிச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னே. இரண்டு நாள் அவகாசம். அந்த அமைச்சரின் பெயர் இன்றைக்கும் கோப்பில் இருக்கிறது. அவர் திறந்துவைத்த கட்டடங்களின் பெயர்ப்பலகை எத்தனை மிஞ்சியிருக்கிறதோ, உலகத்தின் ஒவ்வொரு லினக்ஸ் விநியோகத்தின் மூலப் பொதியிலும் அவர் பெயர் வாழ்கிறது. நாடு டாக்காவின் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தேநீர்க் கடையில் கேள்வி நீண்டது: பழைய நேரமா, புது நேரமா, புதுப் புது நேரமா?

இந்த இடத்தில் வடக்கைச் சொல்லாமல் நகர முடியாது. விடுதலைப் புலிகள் இந்த நேர மாற்றத்தை ஏற்கவே இல்லை. கொழும்பு சொன்னால் பன்னிரண்டு மணியும் பன்னிரண்டு மணி அல்ல என்கிற கட்டத்தில் அவர்கள் இருந்தார்கள். தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய ஐந்தரையையே வைத்துக்கொண்டார்கள். அதாவது இந்திய நேரம். இந்தியப் படையோடு சண்டை பிடித்து, 1992இல் இந்தியாவால் தடைசெய்யப்பட்டு, தனிநாடு கேட்ட இயக்கம் இந்தியாவின் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டிருந்தது. 2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு கண்டி வீதி திறந்தபோது, ஓமந்தையைக் கடந்தவர்கள் அடையாள அட்டையைக் காட்டியது மட்டுமல்ல, கைக்கடிகாரத்தையும் திருத்தினார்கள். இரு தரப்புக்கும் இடையிலிருந்த சூனியப் பிரதேசத்தைக் கடக்கையில் வடக்கே போகிறவருக்கு அரை மணித்தியாலம் இலாபம், தெற்கே வருகிறவருக்கு நட்டம். அரசியல் தீர்வு பற்றிப் பேசியவர்கள் யாரும் இந்தப் பண்டமாற்றைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

புத்தளம் கரைக்கு இது வேடிக்கை மட்டுமல்ல. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் வந்து ஓலைக்கொட்டில் போட்டது புத்தளத்திலும் கற்பிட்டியிலும்தான். மன்னாருக்குப் போகிற பழைய கரையோரப் பாதை வில்பத்துக்குள்ளேயே மூடிக்கிடந்தது. ஊரை விட்டு வந்து ஆறு ஆண்டில் ஊரின் நேரமும் அவர்களிடமிருந்து விலகியது. கடலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடி வானொலி நேரம் சொன்னால் அது விட்டுவந்த வீட்டின் நேரம். கொழும்பு வானொலி சொன்னால் முகாமின் நேரம்.

கணினிக்காரர்களுக்கு இது ஓர் உண்மையான தொழில்நுட்பச் சிக்கல். ஒரு நாட்டுக்குள் இரண்டு நேரம் ஓடுகிறது, ஒன்று சட்டப்படி, மற்றது துப்பாக்கிப்படி. கோப்பில் என்ன எழுதுவது? ஆசியா/கிளிநொச்சி என்று ஒரு வலயம் திறந்தால் மறுநாள் கொழும்பிலிருந்து இராஜதந்திரக் கடிதம் வரும். திறக்காவிட்டால் அங்கே வாழ்கிற மனிதருக்கு மணிக்கூடு பிழை. எக்கர்ட் 2006 ஏப்ரலில் எழுதிவைத்த குறிப்புத்தான் இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்தது. ரொய்ட்டர்ஸ் செய்தியைச் சுட்டிவிட்டு, சாவகாசமாகச் சொல்கிறார்: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் கல்கத்தா வலயத்தைத் தெரிவுசெய்துகொள்ளலாம், 1970க்குப் பிறகு இரண்டும் ஒன்றாகத்தான் ஓடியிருக்கின்றன. முடிந்தது விஷயம். நோர்வே எரிக் சொல்ஹெய்மை அனுப்பி, தாய்லாந்து தொடங்கி யப்பான் வரை ஆறு சுற்றுப் பேச்சுக்கு நாற்காலி போட்டும் தீராத தேசியப் பிரச்சினையை ஒரு விரிவுரையாளர் இரண்டு வரிக் குறிப்பில் தீர்த்துவைத்தார். கல்கத்தா பிற்பாடு கோப்பில் கொல்கத்தா ஆனது. ஊர்ப் பெயர் மாறாது என்று நம்பியவரை வங்காளிகள் திருத்தினார்கள். ஆகவே இன்று அந்தக் குறிப்பைப் படித்தால், ஈழத்தின் நேரம் கொல்கத்தா.

2006க்கு வருவோம். மகிந்த ராஜபக்ச ஆட்சிக்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லை. மீண்டும் ஐந்தரைக்குப் போவது என்று முடிவானது. எந்த நாளைத் தெரிந்தெடுத்தார்கள் பாருங்கள். ஏப்ரல் 13 போயா. ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு. அதே 14, அந்த ஆண்டு, பெரிய வெள்ளிக்கிழமை. சிலாபம் மறைமாவட்டம் முழுக்க ஒருபக்கம் சிலுவைப்பாதையும் உபவாசமும், மறுபக்கம் முன்னேஸ்வரத்தைச் சுற்றிய வீடுகளில் பொங்கலும் கைவிசேஷமும். சிங்கள வீடுகளில் அடுப்பு மூட்ட ஒரு சுபநேரம், உண்ண ஒரு சுபநேரம், எண்ணெய் தேய்க்க ஒரு சுபநேரம் என்று நிமிடக் கணக்கில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். சைவ வீடுகளில் வாக்கியமா திருக்கணிதமா என்கிற வருடாந்தச் சண்டை வேறு. இத்தனை நேரங்களும் ஓடி முடிந்து களைத்துப்போன அந்த இரவில், ஏப்ரல் 15 அதிகாலை 12.30 ஆனதும் அதை 14ஆம் திகதி இரவு 12 மணியாகக் கொள்ளும்படி அறிவிப்பு. நாட்டு மக்களுக்குப் புத்தாண்டுப் பரிசாக அரை மணித்தியாலம் கூடுதல். தூங்கித் தீர்த்தார்கள்.

கணினி தூங்க முடியாது. 15ஆம் திகதி 12 மணிக்கும் 12.30க்கும் இடைப்பட்ட அரை மணித்தியாலம் இரண்டு தடவை வந்தது. 12.10க்கு ஒருவர் வங்கி இயந்திரத்தில் பணம் எடுத்தார் என்றால் எந்த 12.10? கேர்னல் துறவி கலங்கவில்லை. அவருக்கு முதலாவது கிரீனிச் 18.10, இரண்டாவது 18.40, வெவ்வேறு விநாடிகள். கலங்கியது மேலே இருந்த உலகம். செய்தி அந்தக் கோப்புக்காரர்களின் காதுக்கு 14ஆம் திகதிதான் இலங்கைச் செய்தித்தளம் ஒன்றின் வழியாகப் போயிருக்கிறது. எக்கர்டின் குறிப்பில் உள்ள திகதி 18. அதுவரை கொழும்பில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஒவ்வொரு சேவையகமும் நாட்டை விட அரை மணித்தியாலம் முன்னே ஓடியது. பராமரிக்கப்படாதவை மாதக்கணக்கில் ஓடின. அலட்சியத்தின் உச்சம் என்னவென்றால், 1996இலிருந்தே எதையும் புதுப்பிக்காமல் ஐந்தரையிலேயே கிடந்த ஏதாவது ஒரு பழைய பெட்டி, பத்து ஆண்டு பிழையாக இருந்துவிட்டு, அன்றிரவு ஒன்றும் செய்யாமலே சரியாகியிருக்கும். அரச அலுவலகங்கள் சிலவற்றின் தத்துவமே அதுதானே.

அப்புறம், பத்து ஆண்டாகப் புலிகள் விடாமல் பிடித்திருந்த நேரத்துக்கே கொழும்பு திரும்பி வந்ததையும் யாரும் கொண்டாடவில்லை. இராணுவத்தால் பிடிக்க முடியாத அரை மணித்தியாலத்தை அரசாங்கம் தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டது. யுத்தநிறுத்தம் அந்த மாதமே கிழியத் தொடங்கியிருந்ததால் இந்தச் சமாதானத்தை ஒருவரும் கவனிக்கவில்லை.

நம்மவர்கள் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்படத் தேவையில்லை. வடகொரியா 2015இல் அரை மணித்தியாலம் பின்னே போய், 2018இல் திரும்பி வந்தது. லெபனான் 2023 மார்ச்சில், கோடைநேர மாற்றத்தை நோன்பு முடியும்வரை தள்ளிவைப்பதாகக் கடைசி நேரத்தில் அறிவித்தது. தேவாலயங்கள் முடியாது என்றன. சில நாட்கள் பெய்ரூட்டில் ஒரே தெருவில் இரண்டு நேரம் ஓடியது. கோப்புக்காரர்கள் அவசரமாக ஒரு பதிப்பு வெளியிட்டார்கள். அரசு மனம் மாறியது. அதை அழித்து அடுத்த பதிப்பு. இரண்டுக்கும் இடையில் ஒரு வாரம்கூட இல்லை. ஓமந்தை மாதிரிச் சோதனைச்சாவடி மட்டும் அங்கே இல்லை.

இதைவிடச் சுவையான எதிரி வந்தது 2011இல். அமைச்சர் அல்ல, அரசாங்கம் அல்ல. சோதிடம்.

செப்டெம்பர் 30ஆம் திகதி, அஸ்ட்ரோலேப் என்கிற அமெரிக்கச் சோதிட மென்பொருள் நிறுவனம், ஓல்சன் மீதும் எக்கர்ட் மீதும் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. குற்றம்: எங்கள் சோதிட அட்லஸிலிருந்து பழைய நேரங்களைத் திருடிவிட்டார்கள். நமக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நியாயம் இல்லாமல் இல்லை. 1880இல் மொறட்டுவையில் என்ன நேரம் என்று உலகத்தில் யாருக்கு அக்கறை? சரித்திர ஆசிரியருக்கு இல்லை, ரயில்காரருக்கு இல்லை. சாதகம் கணிக்கிறவருக்கு மட்டும் உண்டு. ஆகவே பழைய நேரங்களைத் தேடித் தொகுத்தவர்கள் சோதிடர்கள். தரவுத்தளத்தின் பழங்காலத் தகவல்களில் பெரும்பகுதி தாமஸ் ஷாங்க்ஸ் தொகுத்த அத்தகைய அட்லஸ் ஒன்றிலிருந்து, பெயர் சொல்லியே, எடுத்தது. உலகத்தின் வங்கி, விமானம், தொலைபேசி எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சோதிடப் புத்தகம் படுத்திருக்கிறது என்பதை அறிந்தால் நம்ம பகுத்தறிவுக்காரர்கள் கைபேசியைக் கடலில் எறிந்துவிடுவார்கள்.

ஓல்சன் ஒக்டோபர் 6ஆம் திகதி கடையைச் சாத்தினார். உலகத்து நேரத்தின் மூலப்பிரதி ஒரு வாரம் வீடில்லாமல் நின்றது. பிறகு இணையப் பெயர்களை நிர்வகிக்கிற ஐகான் அமைப்பு அதைத் தத்தெடுத்தது. 2012 பெப்ரவரியில் அஸ்ட்ரோலேப் மன்னிப்புக் கேட்டு வழக்கை வாபஸ் வாங்கியது. நடந்த உண்மைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அவர்களுக்கு விளக்கப்பட்டிருந்தது. வழக்கின் முடிவை அவர்கள் முன்கூட்டியே கணித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பது அற்பத்தனம். கேட்டுவிட்டேன்.

இந்த வழக்கைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை நமக்குக் குறைவு என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1996 ஜூன் முதல் வாரம் சிலாபம் ஆஸ்பத்திரியில், சுவர்க் கடிகாரத்தில் காலை 7.10க்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது என்று வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் 7.10. பிள்ளைக்கு இப்போது முப்பதாகிறது, கல்யாணப் பேச்சு. குறிப்பை எடுத்துக்கொண்டு போகிறார் அப்பா. சோதிடர் இலங்கை ஐந்தரை என்று நினைத்து 7.10ஐ அப்படியே போடுகிறார்: மிதுன லக்கினம். உண்மையில் அன்று மணிக்கூடு ஆறரைக் கணக்கில் நின்றது. ஐந்தரைக் கணக்கில் பிள்ளை பிறந்தது 6.10க்கு, சூரியன் உதித்துக் கால் மணித்தியாலம் கழிந்து. ரிஷப லக்கினம். பன்னிரண்டு வீடும் ஒவ்வொன்றாக நகர்ந்து, களத்திர ஸ்தானம் தனுசிலிருந்து விருச்சிகத்துக்குப் போய்விட்டது. தனுசைப் பார்த்துத் தேடிப் பிடித்த மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார். அன்றைய அரசாங்கத்தின் அறிவிப்புத்தான் இந்தப் பிள்ளைக்கு ஒரு லக்கினம் நகர்த்திக் கொடுத்திருக்கிறது. எந்தக் கிரகமும் அவ்வளவு செய்ததில்லை.

சென்னையில் எழுதிய சாதக மென்பொருள் அந்தக் கோப்பைப் பார்க்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது இந்தக் கல்யாணம். பார்த்தால் ஏழாவது வரி குறுக்கே நின்று ஒரு மணித்தியாலத்தைக் கழித்துக்கொடுக்கும். எவரும் ஊதியம் கொடுக்காத அந்த வரி. மே 25இலிருந்து ஒக்டோபர் 26 வரை ஐந்தே மாதம் உயிரோடிருந்த வரி. 'காலாவதியானது, இனி யாருக்கு வேண்டும்' என்று ஒரு துடிப்பான இளைஞர் அழித்துத் துப்புரவு செய்திருந்தால் சிலாபத்தில் ஓர் அப்பா ஏமாந்திருப்பார். மூலநிரலில் எதை வேண்டுமானாலும் திருத்தி எழுதுகிறவர்கள், இந்தக் கோப்பில் மட்டும், பிழை கண்டாலொழிய, பழைய வரியைத் தொடாமல் புதிதைச் சேர்க்கிறார்கள்.

2016இல் இன்னொரு குட்டி விவகாரம். இலங்கையிலிருந்து ஒருவர் எழுதிப்போட்டார்: அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் நமது நேரத்துக்கு எஸ்.எல்.எஸ்.டி. என்று சுருக்கப் பெயர் வைத்திருக்கிறது, கோப்பிலும் போடுங்கள் என்று. நியாயமான கோரிக்கை. சொந்தத் திணைக்களம், சொந்தப் பெயர். எக்கர்ட் தேடிப் பார்த்துவிட்டு, நேரவலயப் பைத்தியங்களைத் தவிர இந்தப் பெயரை வேறு யாரும் அதிகம் புழங்குவதாகத் தெரியவில்லை, எண்ணே போதும் என்று எழுதிவிட்டார். ஆகவே கோப்பில் வெறும் +0530. திணைக்களம் வைத்த பெயரைச் சனங்கள் புழங்கினால்தான் பெயர் என்பது அவர் சட்டம். கொழும்பு இதுவரை பெயர் மாற்றிய வீதிகளுக்கெல்லாம் இந்தச் சட்டத்தைப் போட்டால், பாதி வீதிகளுக்கு எண்தான் மிஞ்சும். மைக்ரோசொஃப்ட் வேறு வழி. விண்டோஸில் நேரத்தைத் தெரிவுசெய்யப் போனால் கொழும்பைக் காணக் கிடைக்காது. 'ஸ்ரீ ஜெயவர்தனபுர' என்று இருக்கும். சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள், பஸ் பலகையைப் பார்த்திருந்தால் தப்பியிருப்பார்கள்.

எல்லாம் தொடங்கிய மின்சாரத்துக்கு என்ன ஆயிற்று? தண்ணீரை நம்பியது போதும், நிலக்கரி என்றார்கள். எங்கே? கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலையில். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குப் பக்கத்தில் புகைபோக்கியா என்று கத்தோலிக்கத் திருச்சபையும் மீனவரும் விவசாயியும் எதிர்த்து ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். 2006இல், மணிக்கூடு பழைய இடத்துக்குத் திரும்பிய அதே ஆண்டில், சீனக் கடனில் வேலை தொடங்கியது. 2011 மார்ச்சில் முதல் 300 மெகாவாட், 2014இல் மூன்றும் சேர்ந்து 900. பெயர் லக்விஜய. திறந்த நாளிலிருந்து அது பழுதான தடவைகளை எண்ணினால், லக்விஜயவுக்கும் பழுதுக் குறிப்போடு ஒரு கோப்பு வேண்டும். புகைபோக்கி நிழலில் வெங்காயமும் மிளகாயும் போடுகிற சனத்துக்குச் சாம்பல் ஒழுங்காகக் கிடைக்கிறது, மின்சாரம்தான் கொழும்புக்குப் போய்விடுகிறது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டது என்று அமைச்சர் சொன்னார். தீவு முழுதும் மின்சாரம் போனது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் ஒன்றாக நின்று, மீண்டும் ஓட நாட்கள் எடுத்தன. அதுவரை ஊருக்கு ஊர் மின்வெட்டு. 1996 போலவே இருட்டு, ஆனால் மணிக்கூட்டில் யாரும் கைவைக்கவில்லை. குரங்கின் பெயரில் கோப்பில் ஒரு வரி சேரும் என்று நான் கொஞ்சம் எதிர்பார்த்தேன். சேரவில்லை.